டெல்மர் ரஸ்க் உருக்கிய ஈயம்

டெல்மர் ரஸ்க் பெரிய கைவினைஞர் என்று எங்கள் ஊரில் பலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் செய்த சலீன் பீரங்கிப் படகின் மாதிரியில் முன்பக்கச் சரிவில் இரண்டு தகடுகள் விளிம்பு சேராமல் நின்றன. இடது புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவரிடம் இருந்தது பொறுமை. கூடவே, தொட்ட வேலையில் பொய் கலக்கக் கூடாது என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் ஒன்றரை வயதுகூட ஆகாத அவர் பேத்தியின் இரத்தத்தில் ஈயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அசல் சலீன் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எங்கள் ஊரான பெல்ஸ் லேண்டிங் கரையில்தான் கட்டப்பட்டது. ஆற்றில் போகிற இரும்புக் கவசப் படகு. எதிரியை எப்போதும் முகத்துக்கு நேராகத்தான் சந்திப்போம் என்று நினைத்து, முன்பக்கத்திலும் கொதிகலன் இருக்கும் பக்கவாட்டிலும் மட்டும் இரும்பு அடித்தார்கள். பின்பக்கம் வெறும் ஓக் பலகை. முதல் சண்டையிலேயே அந்தப் பலகை வழியாக ஒரு குண்டு உள்ளே வந்து கொதிகலனைக் கிழித்தது. குண்டு பட்டுச் செத்தவர் ஒருவரும் இல்லை. ஆவியில் வெந்து செத்தவர்கள் அத்தனை பேரும் இந்த ஊர்ப் பையன்கள். இழுத்துக்கொண்டு வரும் வழியில் படகு ஊருக்கு எதிரே மூழ்கியது. ஒஹையோ ஆற்றில் தண்ணீர் வற்றும் வருடங்களில் அதன் விலாக்கட்டைகள் சேற்றுக்கு மேலே கறுப்பாகத் தெரியும்.

அதன் நினைவாக எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகுக்கு அடித்தது போக மிஞ்சிய இரும்புத் தகடு ஒன்று நீதிமன்றத்துப் புல்வெளியில் கிடந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தையானால் தாய் குனிந்து வைத்து எடுப்பாள். பிறகு சர்ச் கூடத்தில் பொரித்த கெளுத்தியும் கோஸ் சாலடும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். என் கையையும் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டை ஒரு குளிர்காலத்தில் பழைய இரும்புத் திருடர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போரின் நூற்றைம்பதாவது ஆண்டு அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது.

விழாக்குழுவுக்குத் தலைவர் ஹாஸ்கெல் ப்ரூவெட். ஆற்றங்கரையில் தூண்டில் இரை விற்கும் கடைக்காரர். அவர் டெல்மரின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்; பக்கத்து வீடு என்னுடையது.

"டெல்மர், முப்பத்தஞ்சு வருசம் இழுவைப் படகு எஞ்சின் ரூம்ல குப்ப கொட்டுன. இப்ப சும்மாதானே உக்காந்திருக்க? எங்களுக்கு ஒரு சலீன் பண்ணிக் குடு. கோர்ட்டு நடையில வச்சிருவோம். புள்ளைங்க அதுல கைய வைக்கட்டும்."

"நான் பண்றதுன்னா சும்மா பொம்மை பண்ணமாட்டேன், ஹாஸ்கெல்."

"பொம்மை யாரு கேட்டா? அட்மிரல் சார் எப்படி உத்தரவு போடறாரோ அப்படியே ஆகட்டும்."

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் அட்மிரல்.

கடையில் விற்கும், ஒட்டிச் சேர்க்கிற மாதிரிப் படகுப் பெட்டி எதையும் அவர் வாங்கவில்லை. சலீனுக்கு வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆறு வற்றியபோது சேற்றில் முழங்கால் புதைய நின்று விலாக்கட்டைகளை நாடா வைத்து அளந்தார். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. படகு ஓர் ஆளைவிட நீளமாக வந்தது. நிலவறைக்குள் அது திரும்பாது. கொட்டகையில் குளிர் பசையை உலரவிடாது. ஆகவே சமையலறையை ஒட்டிக் கண்ணாடி அடைத்திருந்த பின்கட்டில் வேலையைத் தொடங்கினார். அங்கே சூடேற்றும் விசிறி ஒன்று நாள் முழுக்க ஓடும். கதவு கிடையாது. சமையலறைத் தரையும் பின்கட்டுத் தரையும் ஒரே மட்டம்.

விலாக்கட்டை, அதன்மேல் பலகை, நடுவில் துடுப்புச் சக்கரம் என்று ஒரு வருடம் ஓடியது. கவசத்துக்கு வந்தபோதுதான் அவர் பிடிவாதம் பிடித்தார். பிளாஸ்டிக் தகட்டில் கறுப்பு அடித்தால் யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே," என்றார். "தண்ணியில விட்டா அது தக்கை மாதிரி மிதக்கும். நெசமான சலீன் கழுத்து வரைக்கும் தண்ணியில முங்கித்தான் போச்சு. பாரம் இல்லாத கவசம் என்ன கவசம்?"

இரும்பை அத்தனை மெல்லிசாக வளைக்க அவரால் முடியாது. ஈயம் முடியும். எங்கள் ஊரில் ஈயம் இல்லாத வீடு கிடையாது. தூண்டிலுக்குக் கட்டும் குண்டுகளை அவரவர் வீட்டு அடுப்பிலேயே பழைய கேக் அச்சில் உருக்கி ஊற்றுவார்கள். சின்னக் குண்டை நூலில் இறுக்கப் பல்லால் கடிப்போம். உழும்போதும் கரை சரியும்போதும் கிடைக்கிற போர்க்காலத் தோட்டாக்களை ஜாடியில் போட்டு வைத்திருப்போம். அது எங்களுக்கு ஒரு பண்டம், உப்பு மாதிரி. நஞ்சு என்பது வெளியிலிருந்து, பெயர் தெரியாத புட்டியில் வருவது என்று நினைப்பவர்கள் நாங்கள்.

டெல்மர் ஈயம் தேடுகிறார் என்று ஹாஸ்கெல் கடையில் சொன்னதும், ஒவ்வொரு குடும்பமும் தன் ஜாடியைக் கொண்டுவந்தது. தாத்தா பொறுக்கிய தோட்டா, அப்பா விட்டுப்போன தூண்டில் குண்டு. எல்லாம் ஒரே சட்டியில் உருகின. பிறகு அவரவர் வந்து கேட்டார்கள்.

"அட்மிரல், எங்க வீட்டு ஈயம் எந்தத் தகடு?"

"எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சு, சாம்."

"எங்க தாத்தா பொறுக்குனதும் ப்ரூவெட் வீட்டு மீன்குண்டும் ஒண்ணாவா? அது எப்படி?"

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் டெல்மர் யோசிக்காமல் ஏதோ ஒரு தகட்டைக் காட்டிவிடுவார். "அந்தா, மூணாவது வரிசையில நாலாவது." வந்தவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார்.

உருக்கியது கொட்டகையில். ஆனால் தகட்டை அறுத்ததும், அரம் போட்டதும், ஆணித்தலை பதித்ததும் பின்கட்டில்தான். அந்தக் கோடையில் அவர் மகள் லோரின் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அவள் கணவன் இழுவைப் படகில் மாதம் முழுக்க ஆற்றில் இருப்பவன். தனியாக வாடகை வீட்டில் கிடப்பானேன் என்று டெல்மரின் மனைவி நடீன்தான் கூப்பிட்டாள். குழந்தையின் பெயர் டெஸ்ஸி. தவழத் தொடங்கியிருந்தாள். தாத்தா இருக்கும் இடம்தான் அவளுக்கு இடம்.

குழந்தையின் கை படகில் படக் கூடாது என்றுதான் டெல்மர் அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார். சட்டங்களுக்கு, அசல் சலீனின் உத்தரம் ஒன்றைச் சேற்றிலிருந்து டிராக்டர் வைத்து இழுத்து வந்து அறுத்தார். ஓக் மரம் நூற்றைம்பது வருடம் தண்ணீரில் கிடந்தாலும் அதற்குள் இருக்கும் அமிலப் புளிப்பு சாகாது. மூடிய இடத்தில் மெல்ல மெல்ல வெளியே விடும். ஈயத்துக்கு அந்தப் புளிப்பு ஆகாது; பொடியாக அரிக்கும். இதை எல்லோரும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அன்று அந்தப் பெட்டியைப் பார்த்து நாங்கள் சொன்னது, பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதுதான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது வினிகர் வாடை அடித்தது. தகடுகளின் ஓரத்தில் பனி பிடித்த மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. கறுப்புச் சாயம் அங்கங்கே கொப்பளித்திருந்தது. டெல்மர் தன் சவரத் தூரிகையால் அதைத் துடைத்து ஊதிவிட்டார். நாலைந்து நாளில் மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தார். அது அவருக்கு ஒரு காலை வேலையாகிவிட்டது. காப்பி குடித்ததும் பெட்டியைத் திறப்பார்; வரிசை வரிசையாகத் தூரிகை ஓட்டுவார்; விசிறி ஓடிக்கொண்டிருக்கும். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வெயிலில் அந்தத் தூள் எழுந்து மெதுவாக இறங்குவது தெரியும். கீழே டெஸ்ஸி அவர் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வயதில் எடுக்க வேண்டிய இரத்தச் சோதனையில் டெஸ்ஸிக்கு ஈயம் பதினொன்று என்று வந்தது. ஐந்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டும் என்று செவிலி சொன்னாள். பழைய வீடானால் ஜன்னல் சாயத்தில் ஈயம் இருக்கும், ஆள் அனுப்புகிறோம் என்றாள்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு ஜன்னல் சட்டங்களில் கருவி கத்தியது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி, காரணம் கிடைத்துவிட்டது. போகும்போது அவர் பின்கட்டில் நின்று படகைப் பார்த்தார்.

"இதெல்லாம் கையாலேயே பண்ணீங்களா, சார்?"

"ஆமா."

"எங்க தாத்தாவும் கப்பல் பண்ணுவாரு. இவ்வளவு நல்லா வராது."

கருவி அவர் கையிலேயே இருந்தது. படகின் பக்கம் அதைத் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை. ஜன்னலுக்குக் கருவி, படகுக்குக் கண். டெல்மருக்கும் தோன்றவில்லை. அங்கே நின்ற எனக்கும் தோன்றவில்லை.

ஜன்னல்களை மாற்றினார்கள். பழைய சட்டங்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப்போனார்கள். தூசு பறக்கும் என்று அந்த நாட்களில் நடீன் டெஸ்ஸியைப் பாதுகாப்பாகப் பின்கட்டில் விட்டுவைத்தாள். அடுத்த சோதனையில் இருபத்துநான்கு.

அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. டெஸ்ஸி பந்தைக் காட்டி ஒரு சொல், பூனையைக் காட்டி ஒரு சொல் சொல்லிக்கொண்டிருந்தவள். அவற்றை விட்டுவிட்டாள். சாப்பாட்டைத் தள்ளினாள். மடியில் வைத்தால் முதுகை வளைத்து அழுதாள். பல் முளைக்கிறது என்று லோரின் சொல்லிக்கொண்டாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நடீன்தான் கண்டுபிடித்தாள். இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட உடையைக் கழற்றினாள். முழங்காலில் துணி வெள்ளையாக இருந்தது. மாவு என்று நினைத்துத் தட்டப் போனவள், அன்று வீட்டில் மாவே எடுக்கவில்லை என்று நின்றாள். அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, டெல்மரின் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டெல், இதப் பாரு. அதயும் பாரு."

டெல்மர் இரண்டையும் பார்த்தார். அவர் முகம் மாறியது என்று நடீன் பிறகு சொன்னாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஈயத்தினால ஒண்ணும் ஆகாது. எங்கப்பா ஈயக்குண்டக் கடிச்சே வளந்தாரு."

"உங்கப்பாவுக்கு நான்தான் ஆறு வருசம் ஸ்பூன்ல சூப் ஊட்டினேன். கை ஏன் அப்படி ஆடிச்சு? உம் பேரு ஏன் மறந்துச்சு?"

"அது வயசு."

"அம்பத்தெட்டுல என்ன வயசு, டெல்?"

நடீனுக்குப் பின்னால் லோரின் ஈரத் துவாலையில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அன்று மத்தியானமே காரில் சாமான் ஏற்றினாள். பதூக்காவில் மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். டெல்மர் காரின் அருகே போனார்.

"நாளைக்கே படக வெளிய ஏத்திர்றேன்மா. வீட்டக் கழுவி விட்டுர்றேன். நீ ஒரு வாரம் கழிச்சு வந்துரு."

"வெளியன்னா எங்க?"

"கோர்ட்டுக்கு. எப்படியும் அங்கதானே போகணும்."

லோரின் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அங்க அக்டோபர்ல புள்ளைங்கள வரிசையா நிக்கவச்சு அதுமேல கைய வைக்கச் சொல்வாங்க. கைய வச்ச கையோட விரல வாயில வைக்கும். அது என்னன்னு ஹாஸ்கெல்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்றேன்."

"சொன்னதுக்கப்புறம் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இவள நான் கூட்டிட்டு வரமாட்டேன். வீடு கழுவுனாலும் வரமாட்டேன்."

மறுநாள் ஆறு பேர் சேர்ந்து படகைப் பெட்டியோடு நீதிமன்றத்துக்குத் தூக்கிப்போனார்கள். வீட்டில் பின்கட்டை இரண்டு மூன்று முறை ஈரத்துணி போட்டுத் துடைத்தார்கள். விசிறியைத் தூக்கி எறிந்தார்கள். டெல்மர் தூள் படிந்த தன் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி எறிந்தார். செய்ய எளிதானவற்றையெல்லாம் செய்தார். ஹாஸ்கெலிடம் போகவில்லை. வசந்தம் போயிற்று, கோடை போயிற்று. நடீன் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக பதூக்காவுக்குக் காரோட்டிப் போய்வந்தாள். டெஸ்ஸியின் எண் பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கிறது என்றாள். சொற்கள் திரும்பவில்லை என்றாள். டெல்மர் ஏன் ஹாஸ்கெலிடம் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. தெரிந்ததைச் சொல்லாதவன் நாளாக ஆக அதைத் தெரியாததுபோல நடந்துகொள்ளப் பழகிவிடுகிறான். டெல்மர் அந்தப் பழக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் ஹாஸ்கெல் உள்ளூர்ப் பத்திரிகையில் விழா அறிவிப்பைப் போட்டார். தகடு திருடு போனபின் முதல்முறையாகப் பிள்ளைகள் சலீனில் கைவைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தகட்டைத் தொடலாம். அதைப் படித்த அன்று டெல்மர் இரைக்கடைக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் எனக்குச் சொன்னது இது.

"ஹாஸ்கெல், படகுல புள்ளைங்க கைய வைக்கக் கூடாது."

"ஏன், அட்மிரல்? சாயம் போயிருமா?"

"அது முழுக்க ஈயம். பொடியா உதிருது. எங்க டெஸ்ஸிக்கு வந்தது ஜன்னல்னால இல்ல. அதனாலதான்."

ஹாஸ்கெல் தொட்டியிலிருந்து சின்ன மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எங்க வீட்டு ஈயம் உன் பேத்திய நோகடிச்சிருச்சுங்கிற."

"உங்க வீட்டுதுன்னு சொல்லல. எல்லார் வீட்டுதும் ஒண்ணாத்தானே கெடக்கு."

"அப்பறம் எதுக்குய்யா எங்களுக்கு ஆளுக்கொரு தகடு காட்டுன? பத்திரிகையில போட்டாச்சு. ஒரு நிமிசம் கைய வச்சு எடுக்கிறதுல யாரும் செத்துற மாட்டாங்க. வேணும்னா ஈரத்துணி வச்சுக்கச் சொல்றேன்."

"ஹாஸ்கெல்..."

"நீ பண்ணிக் குடுத்துட்ட. இனிமே அது ஊரோடது."

விழாவுக்கு முந்தின நாள் காலை, நீதிமன்றம் திறந்ததும் டெல்மர் உள்ளே போனார். ரப்பர் கையுறை, முகமூடி, ஒரு வாளி, ஒரு அகல உளி. பெட்டியின் சாவி அவரிடம் ஒன்று இருந்தது. காவலருக்கு அவரைத் தெரியும். ஏதோ கடைசித் திருத்தம் என்று நினைத்து விட்டுவிட்டார். பெட்டிக்குள் வெள்ளை முன்னைவிட அதிகமாகப் பூத்திருந்தது. முன் சரிவிலிருந்து தொடங்கினார். உளியைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்புவார். தகடு வளைந்து வரும். அதை நனைத்து வாளியில் போடுவார். செய்வதற்கு எடுத்த பொறுமையோடுதான் பிரித்தார். விஷயம் பரவி நடையில் ஆட்கள் கூடினார்கள். சிலர், அவர் முன்பு தங்களுக்குக் காட்டிய தகட்டை அடையாளம் கண்டு, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாஸ்கெல் வந்தார், கையைப் பிடிக்கப் போனவர், அந்த வெள்ளையைப் பார்த்ததும் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குப் புள்ளைங்க எதத் தொடும்?" என்று மட்டும் கேட்டார்.

"எதயும் தொட வேண்டாம்," என்றார் டெல்மர்.

மத்தியானத்தில் முடிந்தது. கவசம் இல்லாத சலீன், ஆணித் துளைகளும் பசைத் திட்டுகளுமாக, அம்மை போட்டு எழுந்த முகம்போல இருந்தது. மறுநாள் விழா நடக்கவில்லை. கெளுத்தி மட்டும் பொரித்தார்கள். டெல்மரையும் நடீனையும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது சில வீடுகளில் அவரைத் திருடன் என்றே சொல்கிறார்கள். அந்த ஈயத்தை அவர் எங்கோ விற்றுவிட்டார் என்றுகூடப் பேச்சு உண்டு. மாவட்டக் கழிவுக் கிடங்குக்கு அவரோடு வண்டியில் போய் ஒப்படைத்தவன் நான். நான் சொன்னாலும் நம்புவதில்லை.

அன்று இரவே அவர் பதூக்காவுக்குப் போன் செய்தார். லோரின் அதிகம் பேசவில்லையாம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் டெஸ்ஸி. கண்ணாடி ஏற்றியே இருந்தது. டெல்மர் படியில் இறங்கி வந்தார். லோரின் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அப்பா, செருப்பக் கழட்டுங்க."

கழற்றினார். வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, கைகளைக் காற்றில் விரித்தபடி நின்றார். அப்போது வலது கை லேசாக ஆடியது. அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. லோரினும் பார்த்தாள். நடீன் கதவோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க டாக்டர்கிட்ட ரத்தம் குடுத்தீங்களா?" என்றாள் லோரின்.

"எனக்கு எதுக்கு?"

"குடுங்க. நம்பர் என்னன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் தூக்கலாம்."

கண்ணாடிக்குப் பின்னால் டெஸ்ஸி தாத்தாவைப் பார்த்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வாயைத் திறந்தாள், எதுவும் வரவில்லை. டெல்மர் வெறுங்காலோடு அந்தச் சரளைக் கல்லில், கார் தெருமுனை திரும்பிப் போனபிறகும் நின்றிருந்தார். திங்கட்கிழமை அவரை மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். எண் இன்னும் வரவில்லை.